கைக்குப் புலப்படும் பொம்மைகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து தங்கள் நாளிதழில் பொம்மைக் கடைகளின் விளம்பரங்கள் அடிக்கடி வருகின்றன. ஏறக்குறைய எல்லா விளம்பரங்களிலும் 'கண்ணைக் கவரும் வண்ணங்களில்' என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. ஆனால், பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் 19 ஆண்டுகளாகக் கற்பித்துவரும் சிறப்பாசிரியை என்ற முறையில், அந்தத் தொடரைப் படிக்கும்போதெல்லாம், புதிய பொம்மையை ஆசையோடு கையில் வாங்கி, மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் கீழே வைத்துவிடும் பிள்ளைகளின் முகங்களே என் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் சார்பில் சிலவற்றைச் சொல்லத் தங்கள் நாளிதழில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், இந்தக் குழந்தைகளுக்குப் பொம்மை எவ்வளவு அவசியமானது என்பதை விளக்க வேண்டும். பார்வையுள்ள குழந்தை நான்கைந்து மாதங்களிலேயே கண்ணெதிரே ஆடும் கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்க முயலும். பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தை, ஒலி வரும் திசையை நோக்கிக் கைநீட்டுவதற்குப் பெரும்பாலும் முதலாண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிடும். காது நன்றாகக் கேட்டாலும் இப்படித்தான். கேட்கும் ஓசைக்குப் பின்னால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் கண் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கண் உதவாதபோது அந்த உண்மையைக் குழந்தை தானே தொட்டுத் தொட்டு, மெதுவாகத்தான் கண்டுகொள்ள வேண்டும். கைநீட்டுவது தாமதமானால் தவழ்வதும் தாமதமாகிறது. எட்டத்தில் இருக்கும் எதுவும் அந்தக் குழந்தையை 'வா' என்று அழைப்பதில்லை அல்லவா? வீடு வீடாகச் செல்லும்போது, பாயில் மல்லாந்தபடி அசையாமல் கிடக்கும் குழந்தையைக் காட்டி, 'ரொம்ப அமைதியான புள்ள டீச்சர், அழவே அழாது' என்று தாய்மார்கள் பெருமையோடு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அமைதியைக் கேட்டால் எனக்குப் பயம்தான் வரும். அந்த மாதங்களில் கைக்கு எட்டுகிற இடத்தில் பொருத்தமான ஒரு விளையாட்டுப் பொருள் இருந்திருந்தால், அந்தக் கைகள் சும்மா கிடந்திருக்காது.

இனி, கடைகளில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். எங்கள் வட்டாரத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவளுடைய மாமா, ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் விலங்குகளை வாங்கி வந்திருந்தார். பன்னிரண்டு விலங்குகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வழவழப்பு, ஒரே எடை. புலியின் வரி, மாட்டின் திட்டு, மானின் புள்ளி ஆகிய அனைத்தும் சாயத்தில் மட்டுமே இருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து, காதருகே ஆட்டிப் பார்த்து, பிறகு பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டியிடம், 'இதுல ஆனை எது ஆச்சி?' என்று கேட்டாள். பாட்டி தேடி எடுத்துக் கையில் கொடுத்தார். அவள் அதை நெடுநேரம் தடவிவிட்டு, 'இது ஆனை இல்ல ஆச்சி' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் யானையை அறியாதவள் அல்லள். கோயில் யானை அவள் தலையில் தும்பிக்கையை வைத்து ஆசி வழங்கியிருக்கிறது. அதன் ஈரத்தையும், முள்ளைப் போல் குத்தும் முடியையும், தலைமேல் வீசிய வெப்பமான மூச்சையும் அவள் நன்றாக நினைவு வைத்திருக்கிறாள். அவளுக்கு யானை என்றால் அதுதான். இரண்டு அங்குல வழவழப்பான பிளாஸ்டிக் துண்டில் அவற்றுள் எதுவுமே இல்லை.

பொம்மை வடிவமைப்பாளர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். தங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்மையைத் தடவிப் பார்த்து, 'யானை என்று எளிதாகத் தெரிகிறதே' என்று முடிவு செய்வது சரியான சோதனை ஆகாது. யானையின் உருவம் அவர்கள் மனத்தில் முன்பே பதிந்திருக்கிறது; விரல் அதைச் சரிபார்க்கிறது, அவ்வளவுதான். ஒருபோதும் பார்த்திராத குழந்தைக்கு அந்தப் புறவடிவம் ஒரு பொருளையும் உணர்த்தாது. ஆகவே, பார்வையற்ற குழந்தைகளிடமும், பார்வையற்றவர்களாகவே வளர்ந்து பெரியவர்களானவர்களிடமும் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் வடிவத்தை முடிவுசெய்ய வேண்டும். விலங்குகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். எலியும் யானையும் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. தோலின் சொரசொரப்பு, காதின் மடிப்பு, வாலின் நுனியில் உள்ள மயிர்க்கற்றை போன்றவை தொட்டால் தெரிய வேண்டும். மாட்டின் கழுத்தில் ஒரு மணி தொங்கினால் இன்னும் நல்லது.

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருட்டு என்று நினைத்துக்கொள்வது பரவலான தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பார்வை முற்றிலும் இல்லாதவர் மட்டுமன்றி, பிறர் 60 மீட்டர் தொலைவில் காண்பதை, நல்ல கண்ணில் கண்ணாடி அணிந்தும், 3 மீட்டர் தொலைவில்கூடக் காண இயலாதவரும் பார்வையற்றவர் என்றே கணக்கிடப்படுகிறார். அதற்குச் சற்று மேலான பார்வையுடையவர்களைக் குறைபார்வை என்று சட்டம் தனியே வகைப்படுத்துகிறது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு ஒளியோ, நிறமோ, அசைவோ ஏதோ ஓரளவு தெரியும். அந்தச் சிறிதளவு பார்வையைப் பயன்படுத்தப் பழக்கினால் அது கைகொடுக்கும். இவர்களுக்கு வண்ணம் வேண்டும். ஆனால், ஒரு பொம்மையில் பத்து வண்ணங்களைக் குழைத்துப் பூப்பூவாக அச்சிட்டால் எதுவும் பிரிந்து தெரியாது. கறுப்புத் துணியின்மேல் மஞ்சள் பந்து, வெள்ளைத் தட்டில் அடர்சிவப்புக் கட்டை என்று ஒன்றுக்கொன்று எதிரான நிறங்களே தெளிவாகத் தெரியும். பளபளக்கும் மேற்பூச்சு வெளிச்சத்தில் கூசும். மங்கலான பூச்சே ஏற்றது. மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட குழந்தைகள் சிலர், ஒரே நிறத்தில் உள்ள பொருளை, அதிலும் அது மெல்ல அசையும்போது, எளிதில் கண்டுகொள்கிறார்கள். இவற்றில் எதற்கும் கூடுதல் செலவில்லை.

அடுத்தது ஒலி. 'பார்வை இல்லாத பிள்ளை, பாட்டுப் பாடுகிற பொம்மை வாங்கித் தருகிறோம்' என்று உறவினர்கள் அன்போடு வாங்கி வருகிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று நிமிடம் ஆங்கிலப் பாட்டு இரைகிறது. குழந்தையின் செயலுக்கும் அந்தப் பாட்டுக்கும் தொடர்பில்லை. அழுத்தியதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த இரைச்சலில் அம்மா அடுக்களையிலிருந்து வரும் காலடிச் சத்தமும், அண்ணன் கதவைத் திறக்கும் சத்தமும் மறைந்துவிடுகின்றன. பார்க்க இயலாத குழந்தைக்கு அந்தச் சத்தங்கள்தாம் வீட்டின் வரைபடம். மெல்ல ஆட்டினால் மெல்லவும், வேகமாக ஆட்டினால் வேகமாகவும் ஒலிக்கிற பனையோலைக் கிலுகிலுப்பை இந்த வகையில் எவ்வளவோ மேலானது. 'நான் செய்தேன், அதனால் இது நடந்தது' என்பதை அது ஒவ்வொரு அசைவிலும் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் என்ற சிறப்புக் கல்வியாளர் இந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு 'சின்ன அறை' என்ற ஓர் அமைப்பை உருவாக்கினார். மேற்புறத்திலும் பக்கங்களிலும் பொருள்கள் தொங்கும் ஒரு சிறு பெட்டிக்குள் குழந்தையைப் படுக்க வைப்பார்கள். கையோ காலோ தற்செயலாக அசையும்போது ஏதோ ஒன்று தட்டுப்படும், ஒலிக்கும், மறுபடி அசைத்தால் அதே இடத்தில் அதே பொருள் இருக்கும். பொருள் ஓடிப்போகாமல் அங்கேயே இருப்பதுதான் இதன் சிறப்பு. பார்வையுள்ள குழந்தை உருண்டோடிய பந்தைத் துரத்திப் பிடிக்கும். பார்வையற்ற குழந்தைக்கோ கையிலிருந்து விழுந்த பொருள் உலகத்தைவிட்டே போய்விட்டதாகும். எங்கள் வீடுகளில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியில் சாவிக்கொத்து, எவர்சில்வர் கரண்டி, தேங்காய் நார், பழைய வளையல் கொத்து ஆகியவற்றை அவிழாதபடி இறுகக் கட்டித் தொங்கவிட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டால் போதும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முறத்தையோ, விளிம்புள்ள தாம்பாளத்தையோ விளையாட்டுத் தளமாகக் கொடுக்கிறோம். தாம்பாளத்தில் பொருள் விழுந்தால் 'டங்' என்று ஒலிக்கும்; விளிம்பு அதைத் தாண்டவிடாது; பிள்ளை வட்டமாகக் கையை ஓட்டினால் திரும்பக் கிடைத்துவிடும். ஒவ்வொரு பொம்மையோடும் இப்படி ஒரு விளிம்புள்ள தட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாராவது ஒரு நிறுவனத்துக்குத் தோன்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதுவரை சொன்னவை தனியாக விளையாடுவதைப் பற்றியவை. அனைவரையும் உள்ளடக்கிய பொம்மை என்பதன் உண்மையான பொருள், பார்வையற்ற பிள்ளையும் பார்வையுள்ள பிள்ளையும் ஒரே பலகையின் இரு பக்கமும் அமர்ந்து, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் விளையாட முடிவதுதான். பார்வையற்றோருக்கான சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். காய்கள் கட்டத்தின் நடுவிலுள்ள துளையில் பொருந்தி நிற்கும். கறுப்புக் காய்களின் உச்சியில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அவ்வளவே மாற்றம். பார்வையுள்ளவரும் அதே பலகையில் தடையின்றி ஆடலாம். உள்ளே சிறு உலோகக் குண்டுகள் குலுங்கும் பந்தால் ஆடும் பார்வையற்றோர் கிரிக்கெட், 1998இல் டெல்லியில் முதல் உலகக் கோப்பையையே கண்டது. 2011இல் டென்மார்க்கில் முளைத்த யோசனையிலிருந்து லெகோ நிறுவனத்தின் பிரெய்ல் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) கட்டைகள் உருவாகி, 2020 முதல் கல்வி நிறுவனங்களுக்கும், 2023இல் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளில் பொது விற்பனைக்கும் வந்தன. ஒவ்வொரு கட்டையிலும் பிரெய்ல் புள்ளிகளுக்குக் கீழே அந்த எழுத்து அச்சிலும் இருப்பதால், பார்வையுள்ள தம்பியும் தங்கையும் உடன் அமர்ந்து கற்க முடிகிறது. மேட்டல் நிறுவனம் 2019இல் யூனோ சீட்டுகளைப் பிரெய்லில் வெளியிட்டது. 2024இல் வெள்ளைக்கோல் பிடித்த பார்பி பொம்மையை, தொட்டு உணரத்தக்க ஆடையோடு கொண்டுவந்தது. இவற்றை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் கைக்கு இவை எப்போது எட்டும்? தமிழ் எழுத்துகளோடு எப்போது வரும்?

அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பல்லாங்குழி. இரண்டு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழிகள்; கையில் சோழியோ புளியங்கொட்டையோ. முன்னே சொன்ன அதே சிறுமியும் அவளுடைய அண்ணனும் ஆடுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் இடக்கையின் ஒரு விரலைக் குழியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, வலக்கையால் ஒவ்வொன்றாக இட்டு நகர்கிறாள். அண்ணன் இடும்போது காதைச் சாய்த்துக் கேட்கிறாள். குழியில் ஏற்கெனவே காய் இருந்தால் எழும் ஓசை வேறு, வெறுங்குழியில் மரத்தில் பட்டு எழும் ஓசை வேறு. அவர்களுக்குள் ஒரே ஒரு கூடுதல் விதிதான்: தன் முறை வந்ததும் எல்லாக் குழிகளையும் அவள் ஒருமுறை தொட்டு எண்ணிக்கொள்ளலாம். அண்ணன் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வதை அவள் விரலால் தெரிந்துகொள்கிறாள். அன்று அவள்தான் வென்றாள். அண்ணன் முகம் சுருங்கி, 'இன்னொரு ஆட்டம் போடு' என்று பலகையை இழுத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று. இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தவன் அப்படிக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அதே பலகையை நெடுவாக்கில் திருப்பி வைத்தால் இன்னொரு பயன் கிடைக்கிறது. பிரெய்ல் எழுத்து என்பது இரண்டு நிரலில் மும்மூன்றாக அமைந்த ஆறு புள்ளிகள். திருப்பிய பல்லாங்குழியில் மேலிருந்து மூன்று வரிசை ஓர் எழுத்தின் கட்டம். நான்காம் வரிசையை இடைவெளியாக விட்டால், கீழ் மூன்று வரிசை மற்றோர் எழுத்தின் கட்டம். இடப்பக்க மேல்குழியில் ஒரே ஒரு காய் வைத்தால் 'அ'. அதே பக்கத்தில் முதற்குழியிலும் மூன்றாம் குழியிலும் வைத்தால் 'க'. விரல்நுனியால் தாளில் உணர வேண்டிய சிறு புள்ளிகளுக்கு முன்னோடியாக, உள்ளங்கை அளவில் அந்த அமைப்பைப் பழக்கிவிட முடிகிறது. எங்கள் பிள்ளைகள் சிலர் அண்ணன் அக்காமார்களோடு சேர்ந்து இதில் எழுத்து விடுகதை போடுகிறார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பார்வையற்ற குழந்தைகள் பொருள்களை வாயில் வைத்து அறியும் பழக்கம் மற்றவர்களைவிட நீண்ட காலம் தொடர்வதுண்டு. எனவே புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்களை, அந்தப் பழக்கம் முற்றிலும் நின்ற பிறகே கொடுக்க வேண்டும். பொத்தான் மின்கலம் உள்ள பொம்மைகளில் இன்னும் கூடுதல் விழிப்பு வேண்டும்.

நான் இதை எழுதும் அம்பாசமுத்திரம், மரக்கடைசல் சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற ஊர். உரலும் உலக்கையும், அம்மியும் குழவியும், பானையும் மூடியும் கைக்கு அடக்கமாகவும், வடிவத்தில் ஒன்றோடொன்று குழம்பாமலும் இருக்கும். மூடி பானையில் சரியாகப் பொருந்தும்போது விரலுக்குக் கிடைக்கும் நிறைவை எந்தப் பிளாஸ்டிக் அச்சும் தந்ததில்லை. ஆனால், எல்லாவற்றுக்கும் ஒரே வழவழப்பான அரக்குப் பூச்சு. பானையின் கழுத்தில் இரண்டு வரிப்பள்ளம், குடத்தில் மூன்று, அடுக்குச் செம்புகளில் அளவுக்கேற்ப ஒன்று முதல் ஐந்து என்று கடைசலிலேயே கோடு இழுத்துவிட்டால், விரல் அவற்றை எண்ணி அறிந்துகொள்ளும். சன்னபட்டணத்து அரக்கு மர பொம்மைகளுக்கும் இது பொருந்தும். எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் தஞ்சாவூர் பொம்மையோ, உருண்டோடாத பொம்மை வேண்டும் என்ற எங்கள் தேவைக்கு முன்னோர் செய்துவைத்த விடையாகவே எனக்குத் தோன்றுகிறது. தள்ளிய இடத்துக்கே அது திரும்பி வருகிறது. அதற்குள் ஒரு சிறு மணியை வைத்து, கண், மூக்கு, ஆடை மடிப்பு ஆகியவற்றைச் சாயத்தோடு புடைப்பாகவும் அமைத்தால், அந்த ஒரே பொம்மையில் இரண்டு குழந்தைகள் எதிரெதிரே அமர்ந்து மணிக்கணக்கில் ஆடுவார்கள்.

இனி அரசின் பங்கு. குழந்தைகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்குபெற வழிசெய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 31ஆம் பிரிவு வழங்கும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில் தொடங்கி 18 வயதுவரை செல்கிறது. ஆனால், கைகள் விழித்துக்கொள்ள வேண்டிய காலம் அந்த ஆறு வயதுக்கு முன்னால் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மைகளை விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்த தரக் கட்டுப்பாடு வரவேற்கத்தக்கது. கூர்முனை, நச்சுச் சாயம், கழன்றுவிழும் சிறு பாகங்கள் ஆகியவற்றிலிருந்து அது பிள்ளைகளைக் காக்கிறது. பொம்மை ஆபத்தில்லாததா என்று கேட்கும் இடத்திலேயே, அதைக் கொண்டு யாரெல்லாம் விளையாட முடியும் என்ற கேள்வியையும் கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பொம்மைவழிக் கற்பித்தல் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் இந்தப் பிள்ளைகளின் விரல்களுக்கும் இடம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பருவக் கல்விப் பொருள்களை அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. அவ்வாறு வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளியில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்குமாறு சமூக நலத்துறையையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையையும் வேண்டுகிறேன்: எண்ணும் எழுத்தும் உருவமும் அச்சில் மட்டுமன்றிப் புடைப்பாகவும் இருக்க வேண்டும், எழுத்துக் கட்டைகளில் தமிழ் அச்செழுத்தோடு பிரெய்லும் சேர்ந்திருக்க வேண்டும், தேர்வுக் குழுவில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவராவது இடம்பெற்று, ஒவ்வொரு பொருளையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். இவற்றுக்காகத் தனிப் பெட்டி வேண்டாம். தனிப் பெட்டி என்றால் அது பீரோவில் பூட்டப்பட்டு, ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டுமே வெளியே வரும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் நாள்தோறும் எடுத்து ஆடும் அதே பெட்டிதான் எங்கள் பிள்ளைக்கும் வேண்டும்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சில மாதங்களுக்கு முன் பிள்ளைகள் மூவரை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அலமாரியில் இருந்த பொம்மைகளை அவர்கள் தடவத் தொடங்கியதுமே, 'தொடாம பாக்கச் சொல்லுங்க மேடம்' என்றார் பணியாளர். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர்களுக்குத் தொடுவதுதான் பார்ப்பது என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மூவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பும்வரை அப்படியே நின்றார்கள். எந்தக் கடையாவது ஒரு மேசையில் பத்து பொம்மைகளை, பெட்டியிலிருந்து பிரித்து, தொட்டுப் பார்ப்பதற்கென்றே வைக்க முன்வந்தால், அந்த மூவரையும் மறுபடி அழைத்து வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியை ஒருவர்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.